இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான ஏடிஎச்டி மதிப்பீடு: பரிந்துரை முதல் மருந்து வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் வசிக்கும், பதினெட்டு வயது கடந்த தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏடிஎச்டி என்பது கவனம் நிற்காமை, மிகைத் துடிப்பு, அவசரம் ஆகியவை சிறுவயதிலிருந்தே தொடரும் நிலை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் நடைமுறைகள் வேறு. நான் மருத்துவர் இல்லை. லண்டனில் ஒரு ஜீபி (குடும்ப மருத்துவர்) நிலையத்தின் அலுவலகப் பக்கத்தில் வேலை செய்கிறேன். நோயாளியை நிபுணரிடம் அனுப்பும் பரிந்துரைக் கடிதங்கள் என் மேசையைத் தாண்டித்தான் போகின்றன. திருப்பி அனுப்பப்படுபவையும் என் மேசைக்குத்தான் வருகின்றன. மருந்தைப் பற்றிய முடிவு உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் உரியது. வழியைச் சொல்வது மட்டுமே என் வேலை.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. இந்த வயதில் ஏடிஎச்டி வருமா?

புதிதாக வராது. இருந்தால் சிறுவயதிலிருந்தே இருந்திருக்கும். நோயறியும் விதிகளின்படி பன்னிரண்டு வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தென்பட்டிருக்க வேண்டும். 2013 வரை அந்த எல்லை ஏழு வயது. "போன வருடம் புது வேலையில் சேர்ந்ததிலிருந்துதான் கவனம் நிற்கவில்லை" என்றால் காரணம் பெரும்பாலும் வேறு.

கண்டுபிடிக்கப்படுவது மட்டும் எந்த வயதிலும் நடக்கலாம். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, பெரியவர்களையும் சேர்த்து ஏடிஎச்டிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டதே 2008-ல்தான். இப்போது நடைமுறையில் இருப்பது 2018 மார்ச்சில் வந்த என்ஜி87. உங்கள் பள்ளிக் காலத்தில் ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, மருத்துவர்களில் பலருக்கும் இது தெரியாது. பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு இது இருக்கும் என்பது நைஸ் தரும் மதிப்பீடு.

பெண்களுக்கும் இருக்குமா? நான் ஒருபோதும் துறுதுறுவென்று ஓடியவள் இல்லை.

இருக்கும். அதிகம் தவறவிடப்படுவதும் பெண்களிடம்தான். வகுப்பின் கடைசி வரிசையில் சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை யாரும் மருத்துவரிடம் கூட்டிப்போகவில்லை. பெண்கள் பரிந்துரைக்கப்படுவது குறைவு என்றும், வேறு மனநலக் கோளாறு என்று தவறாகப் பெயரிடப்படுவது அதிகம் என்றும் என்ஜி87 வெளிப்படையாகவே சொல்கிறது. பல ஆண்டுகளாகப் பதற்றத்துக்கு மாத்திரை எடுத்தும் அடிப்படைச் சிக்கல் அப்படியே இருக்கிறது என்றால், அதை ஜீபியிடம் அப்படியே சொல்லுங்கள்.

ஜீபி எதைப் பார்த்துப் பரிந்துரை எழுதுவார்?

அவர் மூன்றைத் தேடுகிறார். அறிகுறிகள் சிறுவயதில் தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்திருக்கின்றனவா? வேறு மனநலக் காரணத்தால் விளக்க முடியாதவையா? அவற்றால் மிதமான அளவிலாவது, அல்லது கடுமையான பாதிப்பு நேர்ந்திருக்கிறதா? இந்தப் பாதிப்பு ஓர் இடத்தில் மட்டும் இருந்தால் போதாது. வீடு, வேலை, படிப்பு, உறவு, பணம் என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும்.

ஏடிஎச்டி இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வது அவர் பொறுப்பு அல்ல. அதற்கென்று பயிற்சி பெற்ற நிபுணர்தான் சொல்ல வேண்டும். நிபுணரைப் பார்க்க வேண்டிய அளவுக்குக் காரணம் இருக்கிறதா என்பது மட்டுமே ஜீபியின் கேள்வி. இதைத் தெரிந்துகொண்டு போனால் வாக்குவாதம் பாதி குறைந்துவிடும்.

ஜீபி சந்திப்பின் பத்து நிமிடத்தில் என்ன சொல்வது?

நம்மவர்கள் சறுக்கும் இடம் இதுதான். "கவனம் இல்லை டாக்டர், மறதி அதிகம்" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இழந்த வேலையையும் கடனையும் சொல்ல வெட்கம். மருத்துவரிடம் குடும்பக் கதை பேசக்கூடாது என்ற பழக்கம் வேறு. ஜீபியின் கடிதத்தில் "தமக்கு ஏடிஎச்டி இருக்கலாம் என நோயாளி கருதுகிறார்" என்ற ஒற்றை வரி மட்டும் போகும். அந்தக் கடிதம் போதிய தகவல் இல்லை என்று திரும்பி வரும்.

ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள். இப்படி இருக்கலாம்: "மூன்று வேலைகள், மூன்றிலும் முதல் ஆறு மாதத்துக்குள் எச்சரிக்கைக் கடிதம், காரணம் தாமதமும் முடிக்காத கோப்புகளும். கவுன்சில் வரிக்காக இரண்டு முறை நீதிமன்ற அழைப்பாணை. வங்கியில் பணம் இருந்தது, கடித உறையைப் பிரிக்கவே இல்லை. அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு மாடிக்குப் போய் மறந்ததால் தீயணைப்பு அலாரம் அடிப்பது மாதம் ஒருமுறை. மனைவி இப்போது என்னைத் தனியாகச் சமைக்க விடுவதில்லை. பள்ளியில் கணக்குக்கு விடை சரி, வழிமுறை எழுதாமல் விட்டதால் மதிப்பெண் போனது; ஒவ்வொரு தவணையும் இதே புகார்." அறிகுறியின் பெயர் ஒன்றுகூட இதில் இல்லை. ஆனால் ஜீபிக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது: எங்கே, எவ்வளவு காலமாக, என்ன விலை கொடுத்து.

வரவேற்பில் நேரம் கேட்கும்போதே இரட்டை நேரம் கேட்டுப் பாருங்கள். பல நிலையங்களில் கிடைக்கும். முழங்கால் வலியையும் அதே சந்திப்பில் சேர்க்காதீர்கள்.

ஏஎஸ்ஆர்எஸ் என்ற படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். அது தேர்வா?

இல்லை, வடிகட்டி மட்டுமே. உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்டது. மொத்தம் 18 கேள்விகள். முதல் ஆறுதான் முக்கியம், அவற்றில் நான்கு அல்லது அதற்கு மேல் நிழலிட்ட கட்டத்தில் விழுந்தால் மேலும் ஆராயலாம் என்று பொருள். "சில நேரங்களில்" என்று பணிவாகப் போட்டுவிடாதீர்கள், கூட்டியும் போடாதீர்கள். இந்தப் படிவத்தை மட்டும் வைத்து யாரும் ஏடிஎச்டி என்று முடிவு கட்டக்கூடாது என்பதும் நைஸ் விதி.

ஜீபி முதலில் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்துவிட்டார். தட்டிக்கழிக்கிறாரா?

பெரும்பாலும் இல்லை. தைராய்டு, இரத்தச்சோகை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, மன அழுத்தம், மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றம் ஆகிய எல்லாமே கவனத்தைக் கலைக்கும். பரிசோதனை நடக்கட்டும். மன அழுத்தம் இருப்பதாலேயே ஏடிஎச்டி இல்லை என்றாகிவிடாது. இரண்டும் ஒருவரிடமே இருப்பது சாதாரணம். "முதலில் மன அழுத்தத்தைச் சரிசெய்வோம், பிறகு பார்ப்போம்" என்றால், அந்தப் 'பிறகு' எப்போது என்று தேதி கேட்டு வாங்குங்கள்.

நான் வன்னியில் வளர்ந்தவன். கவனச் சிதறல் போரால் வந்ததா, இதுவா என்று எப்படித் தெரியும்?

நியாயமான கேள்வி. நல்ல நிபுணர் இதைக் கேட்காமல் விடமாட்டார். ஷெல் சத்தத்திலும் பதுங்குகுழியிலும் கழிந்த சிறுவயது, காணாமல் போன உறவு, முகாம் வாழ்க்கை ஆகியவற்றின் வடுவும் தூக்கமின்மையாக, திடுக்கிடலாக, கவனம் நிற்காமையாக வெளிவரும். பிரித்தறிய உதவும் சில கேள்விகள் உண்டு. இடம்பெயர்வதற்கு முன் எப்படி இருந்தீர்கள்? அமைதியான காலத்திலும் பொருள்களைத் தொலைத்தீர்களா? கவனம் கலையும்போது மனம் பழைய நினைவுக்கு ஓடுகிறதா, அல்லது சுவரில் ஊரும் எறும்பின் பின்னால் போகிறதா? அதே போரைக் கண்ட உங்கள் அண்ணனோ தங்கையோ எப்படி இருக்கிறார்கள்?

இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும். போரைப் பற்றிச் சொன்னால் "அதுதான் காரணம்" என்று கோப்பை மூடிவிடுவார்கள் என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. மறைக்காதீர்கள். ஏடிஎச்டிக்குத் தரப்படும் தூண்டும் வகை மருந்து பதற்றத்தைக் கூட்டக்கூடும், தூக்கத்தைக் கெடுக்கக்கூடும். உங்கள் வரலாறு தெரியாமல் மருந்து எழுதப்படுவது உங்களுக்குத்தான் ஆபத்து.

பள்ளிக்கூட அறிக்கை கேட்கிறார்கள். என்னிடம் ஒரு தாளும் இல்லை.

இங்கே வளர்ந்தவர்களுக்கே அம்மா பரணில் எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு. 1995 அக்டோபர் இறுதியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளியேறியவர்களிடம் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி அறிக்கை எப்படி இருக்கும்? அறிக்கை இருந்தால் உதவும். இல்லாததால் மதிப்பீட்டை மறுக்க விதி இல்லை. "போர், இடப்பெயர்வு காரணமாகப் பள்ளிப் பதிவுகள் இல்லை" என்று பரிந்துரைக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கூடப் படித்த நண்பர், அத்தை, மூத்த சகோதரர் என்று அந்தக் காலத்து உங்களை அறிந்த யாரும் தகவல் தரலாம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு வேறு சிக்கல். மதிப்பெண் சான்றிதழ் பத்திரமாக இருக்கும், ஆனால் அதில் எண்கள் மட்டும்தான். பத்தாம் வகுப்பில் 500-க்கு 460 வாங்கியவருக்கு எப்படி ஏடிஎச்டி இருக்கும் என்று நிபுணர் புருவம் உயர்த்தலாம். அந்த 460-க்குப் பின்னால் இருந்த ஆள்படையைச் சொல்லுங்கள்: விடிகாலை டியூஷன், பக்கத்தில் பிரம்போடு அப்பா, தினமும் பையைச் சோதித்த அம்மா, வாரந்தோறும் தேர்வு வைத்த விடுதி. கல்லூரியில் அந்தப் பிடி விட்டதும் எத்தனை தாள் பாக்கி விழுந்தது என்பதையும் சொல்லுங்கள்.

அம்மாவிடம் பேச வேண்டும் என்கிறார்கள். அம்மா "என் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை" என்கிறார்.

சொல்லத்தான் செய்வார். வெளிநாட்டு டாக்டர் ஒருவர் போனில் "உங்கள் மகனுக்குச் சிறுவயதில் பிரச்சினை இருந்ததா" என்று கேட்டால் எந்தத் தாய் ஆமாம் என்பார்? கல்யாணம் ஆகாத பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

கேட்கும் விதத்தை மாற்றுங்கள். குறை இருந்ததா என்று கேட்காமல் கதை கேளுங்கள். "அம்மா, நான் எத்தனை குடை தொலைத்தேன்? கொம்பாஸ் பெட்டி எத்தனை வாங்கித் தந்தீர்கள்? கடைக்கு அனுப்பினால் என்ன வாங்கி வருவேன்?" அம்மா சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார். தேங்காய் வாங்கப் போனவன் பக்கத்து வீட்டில் கரம் ஆடிக்கொண்டிருந்தது, கணக்கு வாத்தியார் வீடு தேடி வந்தது, ஒரே வருடத்தில் இரண்டு முறை மதில் ஏறி விழுந்து கை முறிந்தது என்று அரை மணி நேரம் போகும். அவர் சொல்வதில் முக்கியமானதை, வயதோடு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நிபுணருக்கு வேண்டியது இந்தக் கதைகள்தான்.

கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் திடீரென்று இறந்தவர் யாராவது உண்டா? மருந்து பேச்சு வரும்போது இது கேட்கப்படும். "சித்தப்பா ஒருநாள் விளையாடும்போது விழுந்தார், போய்விட்டார்" என்பதுபோன்ற செய்தி பல வீடுகளில் பெரியவர்களோடு நின்றுவிடுகிறது.

பெற்றோர் இல்லை, பேச்சுவார்த்தை இல்லை என்றாலும் மதிப்பீடு நடக்கும். இப்போது உங்களோடு வாழ்பவரின் பார்வையையும் பெரும்பாலும் கேட்பார்கள்.

என் ஆங்கிலம் சுமார்தான். மகளை மொழிபெயர்க்கச் சொல்லலாமா?

வேண்டாம். என்எச்எஸ் (அரசுச் சுகாதாரச் சேவை) சந்திப்புகளுக்கு மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தமிழுக்கும் உண்டு. பரிந்துரைக் கடிதத்திலேயே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை" என்று போடச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் உங்கள் கடன், மணவாழ்க்கை, குடிப்பழக்கம் எல்லாம் பேசப்படும் அறையில் பெற்ற மகளை உட்கார வைப்பது இருவருக்கும் தண்டனை. மொழிபெயர்ப்பாளர் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்ற கவலை நம் சமூகத்தில் உண்மையானது. வேறு ஊரிலிருந்து தொலைபேசி வழியாக ஒருவரைக் கேட்கலாம்.

எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் மாதக் கணக்கு, சில இடங்களில் ஆண்டுக் கணக்கு. என்எச்எஸ் இங்கிலாந்து வெளியிட்ட கணக்குப்படி 2025 மார்ச் இறுதியில் சிறியவர், பெரியவர் எல்லாரையும் சேர்த்து 5,49,000 பேர் வரை மதிப்பீட்டுக்குக் காத்திருந்தார்கள். உங்கள் பகுதி நிலவரத்தை ஜீபி நிலையத்திலேயே கேளுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் உடனே தெரியப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். கடிதத்தைப் பிரிக்காமல் வைப்பதே நோயின் தன்மையாக இருப்பவர்களிடம், பதினான்கு நாளில் பதில் போடு என்று கடிதம் அனுப்பும் ஏற்பாட்டை என்னவென்று சொல்வது! நம்பிக்கையான ஒருவரின் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். இடையில் மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்துங்கள். இரவு பகல் எந்நேரமும் மனநலக் குழு பேசும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.

"ரைட் டு சூஸ்" என்கிறார்களே, அது என்ன?

இங்கிலாந்தில் 2014 ஏப்ரல் முதல் மனநலச் சேவைக்கும் பொருந்தும் உரிமை. ஜீபி பரிந்துரைக்க ஒப்புக்கொண்டால், எங்கே போவது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். உள்ளூர் என்எச்எஸ் பிரிவுதான் என்றில்லை. அந்தச் சேவைக்காக இங்கிலாந்தின் ஏதாவது ஒரு பகுதியில் என்எச்எஸ் ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனமாக இருந்தால் போதும். தனியார் நிறுவனமானாலும் செலவு என்எச்எஸ் உடையது. ஏடிஎச்டி யூகே என்ற தொண்டு அமைப்பின் இணையதளத்தில் நிறுவனங்களின் பட்டியலும், ஜீபியிடம் கொடுப்பதற்கான மாதிரிக் கடிதமும் இருக்கின்றன.

ஏற்கெனவே இதே பிரச்சினைக்காக ஒரு மனநலக் குழுவின் பராமரிப்பில் இருப்பவர்கள், சிறையில் இருப்பவர்கள், ராணுவத்தில் பணிபுரிபவர்கள் போன்றோருக்கு இது பொருந்தாது. 2025 முதல் சில வட்டாரச் சுகாதார வாரியங்கள் இந்த வழியில் ஆண்டுக்கு இவ்வளவு பேர்தான் என்று கட்டுப்படுத்தத் தொடங்கியிருப்பதால், இரண்டு ஆண்டுக்கு முன் மைத்துனருக்கு மூன்று மாதத்தில் கிடைத்தது உங்களுக்கும் அப்படியே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது?

எல்லாரும் காத்திருப்பு எத்தனை வாரம் என்று மட்டும் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். மதிப்பீடு முடிந்து "ஆம், ஏடிஎச்டி" என்ற அறிக்கை கையில் வந்த பிறகும் மருந்து தொடங்க இன்னொரு வரிசை இருக்கிறது. சில நிறுவனங்கள் மதிப்பீட்டோடு நிறுத்திக்கொள்ளும். அப்போது மருந்துக்காக உள்ளூர்ப் பட்டியலின் வாலில் போய் நிற்க வேண்டும்.

ஆகவே ஜீபியிடம் பெயரைச் சொல்வதற்கு முன் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். என் பகுதியிலிருந்து மருந்துக்கும் சேர்த்து ரைட் டு சூஸ் பரிந்துரை ஏற்கிறீர்களா? மதிப்பீட்டுக்குப் பிறகு மருந்து தொடங்க எவ்வளவு காத்திருப்பு? என் ஜீபி மருந்துச் சீட்டைத் தொடர மறுத்தால் நீங்களே தொடர்ந்து எழுதுவீர்களா? தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டா? அதே நாளில் உங்கள் ஜீபி நிலையத்திலும் கேளுங்கள்: இந்த நிறுவனத்தோடு பகிர்வுப் பராமரிப்புக்கு (நிபுணர் பரிசீலிக்க, மருந்துச் சீட்டை ஜீபி எழுதும் உடன்பாடு) ஒப்புக்கொள்வீர்களா? இரண்டு பக்கமும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு தேர்ந்தெடுங்கள்.

பணம் கட்டி முழுக்கத் தனியாரிடமே போய்விட்டால்?

போகலாம், ஜீபி பரிந்துரைகூட வேண்டியதில்லை. ஆனால் ஆபத்தும் இங்கேதான் அதிகம். பல நூறு பவுண்டு கட்டி அறிக்கை வாங்கிக்கொண்டு வருவார்கள். ஜீபி அந்த அறிக்கையின் பேரில் மருந்து எழுத மறுப்பார். பிறகு மாதா மாதம் மருந்துக்கும் தனியார் மருத்துவருக்கும் கைக்காசு. வசதி இருப்பவர்களும் முதலில் ஜீபியிடம் எழுத்துமூலம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். முக்கால் மணி நேர வீடியோ அழைப்பில், சிறுவயதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் தரப்படும் அறிக்கையை எந்த ஜீபியும் நம்பமாட்டார். நம்பக்கூடாது என்பதே என் கருத்து.

ஜீபி பரிந்துரைக்கவே மறுக்கிறார்.

காரணத்தைக் கேளுங்கள், அது பதிவில் எழுதப்படட்டும். அதே நிலையத்தில் வேறொரு மருத்துவரைப் பார்க்கலாம். என்ஜி87-ன் மூன்று நிபந்தனைகளையும் உங்கள் ஒரு பக்கக் குறிப்பையும் இணைத்து எழுதிக் கொடுங்கள். அதன் பிறகும் நகரவில்லை என்றால் நிலைய மேலாளரிடம் முறைப்படி புகார் தரலாம். வரவேற்பில் இருப்பவரிடம் கத்துவதால் ஒன்றும் ஆகாது. அவருக்கு இதில் அதிகாரம் இல்லை.

மாணவர் விசாவில், வேலை விசாவில் இருப்பவர்கள்?

குடிவரவுச் சுகாதாரக் கட்டணம் கட்டியவர்களுக்கு என்எச்எஸ் சேவை மற்றவர்களுக்குப் போலவே கிடைக்கும். அகதித் தஞ்சம் கோரி முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கும் கட்டணம் இல்லை. ஜீபியிடம் பதிவு செய்யக் குடிவரவு நிலையைக் காட்ட வேண்டியதில்லை.

சென்னையில் ஏற்கெனவே ஏடிஎச்டி என்று சொல்லி மருந்து தந்தார்கள். இங்கே தொடருமா?

நேரடியாகத் தொடராது. இவற்றில் தூண்டும் வகை மருந்துகள் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. வெளிநாட்டுச் சீட்டைப் பார்த்து ஜீபி தாமாகத் தொடங்க மாட்டார், நிபுணரிடம்தான் அனுப்புவார். ஆனால் உங்கள் பரிந்துரை மிக வலுவானது. மருத்துவரின் கடிதத்தை ஆங்கிலத்தில் வாங்கி வாருங்கள்: எப்போது, எந்த முறையில் கண்டறியப்பட்டது, எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், என்ன பலன், என்ன பக்கவிளைவு. "ஹைப்பர்" என்று மட்டும் கிறுக்கிய மருந்துச் சீட்டால் பயன் இல்லை.

மதிப்பீட்டில் என்ன நடக்கும்?

பேச்சுதான். ஸ்கேன் கிடையாது, இரத்தப் பரிசோதனையும் கிடையாது. ஒன்றரை இரண்டு மணி நேரம், சில இடங்களில் இரண்டு அமர்வு. பலர் டிவா-5 என்ற நேர்காணல் முறையைப் பயன்படுத்துகிறார்கள்: 18 அறிகுறிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, இப்போது எப்படி, சிறுவயதில் எப்படி என்று உதாரணம் கேட்பார்கள். கவனக் குறைவில் ஒன்பது, துடிப்பிலும் அவசரத்திலும் ஒன்பது. பெரியவர்களுக்கு ஏதாவது ஒரு பக்கத்தில் ஐந்தாவது இருக்க வேண்டும். இல்லை என்ற பதிலும் வரலாம். அப்போது, அப்படியானால் இது என்ன, அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

என்ன மருந்து தருவார்கள்?

முதலில் அன்றாட ஏற்பாடுகளில் மாற்றம். அதன் பிறகும் பாதிப்பு கணிசமாக இருந்தால் மருந்து. பெரியவர்களுக்கு முதல் தெரிவு லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் அல்லது மெத்தில்பெனிடேட். இரண்டும் தூண்டும் வகை. எடுத்த அன்றே பலன் தெரியக்கூடியவை. ஒன்றைப் போதுமான அளவில் ஆறு வாரம் பார்த்தும் பலன் போதவில்லை என்றால் மற்றதுக்கு மாற்றுவார்கள். இவை ஒத்துவராதவர்களுக்கு அட்டோமொக்ஸெடின். அது தூண்டும் வகை அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

தொடங்கும் முன் எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். ஓடும்போது மயக்கம், நெஞ்சு வலி, இதயத்தில் முணுமுணுப்பு, முன்சொன்ன இளவயதுத் திடீர் மரணம் எதுவும் இருந்தால் முதலில் இதய நிபுணரின் கருத்தைக் கேட்பார்கள். இப்படி எதுவும் இல்லாதவர்களுக்கு ஈசிஜி கட்டாயமில்லை. பிறகு சிறிய அளவில் தொடங்கி, வாரக் கணக்கில் கூட்டி, சரியான அளவைக் கண்டுபிடிப்பார்கள். இதைத்தான் டைட்ரேஷன் என்கிறார்கள். இந்தக் காலத்துக்கு வீட்டில் இரத்த அழுத்தக் கருவி ஒன்று இருப்பது நல்லது.

பசி குறையும், வாய் உலரும், தூக்கம் தள்ளிப்போகும், சிலருக்குத் தலைவலி. மத்தியானச் சோறு இறங்காது என்பது நம்மவர்களின் முதல் புகார். மாத்திரைக்கு முன் காலையிலேயே நன்றாகச் சாப்பிட்டுவிடுங்கள். கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால், குடும்பத்தில் இருமுனைக் கோளாறோ மனச்சிதைவோ இருந்தால், முன்கூட்டியே சொல்லுங்கள்.

அடிமையாகிவிடுவேனா?

நிபுணர் சொன்ன அளவில் வாயால் விழுங்குபவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு. லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் உடலுக்குள் போய் இரத்தத்தில் மெதுவாக மாறிய பிறகே வேலை செய்வதால் திடீர் போதை தருவது கடினம். முன்பு மதுவோ போதைப்பொருளோ பழக்கம் இருந்திருந்தால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதனால் சிகிச்சை மறுக்கப்படும் என்றில்லை, மருந்துத் தெரிவு மாறலாம். பரீட்சைக்குப் படிக்கும் தம்பிக்கு ஒரு மாத்திரை கொடுத்துப் பார்ப்பது மட்டும் வேண்டாம். இந்தத் தூண்டும் வகை மருந்துகள் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் பி வகுப்பில் வருகின்றன. அடுத்தவருக்குக் கொடுப்பது குற்றம்.

பகிர்வுப் பராமரிப்பு என்றால்?

அளவு நிலைபெற்றதும் மாதாந்திர மருந்துச் சீட்டை ஜீபி எழுதுவார், நிபுணர் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசீலிப்பார் என்ற உடன்பாடு. நாடியும் இரத்த அழுத்தமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கப்பட வேண்டும். ஜீபி இதற்குக் கட்டாயம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இல்லை. மறுத்தால் நிறுவனமே தொடர்ந்து எழுத வேண்டிவரும். அதனால்தான் முன்கூட்டியே கேளுங்கள் என்றேன்.

சீட்டு எழுதிய தேதியிலிருந்து 28 நாள்தான் செல்லும், பொதுவாக ஒரு முறைக்கு முப்பது நாள் மருந்துக்கு மேல் தருவதில்லை. 2025-ல் ஒரு மருந்துக்குக் கட்டணம் 9.90 பவுண்டு. வேறு மருந்துகளும் எடுப்பவர்களுக்கு ஆண்டு முன்கட்டணச் சான்றிதழ் லாபம். 2023 செப்டம்பரில் நாடு முழுக்க இம்மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்து மக்கள் கடை கடையாக அலைந்தார்கள். அதிலிருந்து நான் எல்லாரிடமும் சொல்வது, கடைசி மாத்திரை வரை காத்திருக்காமல் ஒரு வாரம் முன்பே சீட்டுக் கேளுங்கள் என்பதே.

மருந்து வேண்டாம் என்றால்?

அது உங்கள் உரிமை. ஏடிஎச்டிக்கென்று வடிவமைத்த உளவியல் சிகிச்சையை, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி முறையையும் சேர்த்து, கேட்கலாம். கிடைப்பது பகுதியைப் பொறுத்தது. மதிப்பீடு முடிந்த அன்றே முடிவு சொல்ல வேண்டியதில்லை.

வேலையிடத்தில் சொல்ல வேண்டுமா? கார் ஓட்டலாமா?

சொல்லக் கட்டாயம் இல்லை. ஆனால் சொன்னால்தான் 2010 சமத்துவச் சட்டத்தின் கீழ் அமைதியான இடம், எழுத்தில் அறிவுறுத்தல், நேர மாற்றம் போன்றவற்றைக் கேட்க முடியும். அக்சஸ் டு வொர்க் என்ற அரசுத் திட்டத்தில் உதவித்தொகையும் உண்டு.

ஏடிஎச்டியோ மருந்தோ பாதுகாப்பாக ஓட்டும் திறனைப் பாதித்தால் ஓட்டுநர் உரிமம் வழங்கும் டிவிஎல்ஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் எடுப்பவர்களுக்குச் சாலையோரச் சோதனையில் ஆம்ஃபெட்டமின் காட்டலாம். மருத்துவர் சொன்னபடி எடுத்து, ஓட்டும் திறன் பாதிக்கப்படாமல் இருந்தால் சட்டப் பாதுகாப்பு உண்டு. சீட்டின் நகலைக் காரில் வையுங்கள்.

ஊருக்குப் போகும்போது மருந்தை எடுத்துப் போகலாமா?

மூன்று மாதத்துக்குக் குறைவான அளவு என்றால் பிரிட்டன் பக்கத்தில் உரிமம் வேண்டாம். மூன்று மாதமோ அதற்கு மேலோ என்றால் உள்துறை அமைச்சகத்தின் தனிநபர் உரிமம் வேண்டும். இறங்கும் நாட்டின் விதி வேறு. இந்தியா என்றால் இந்தியத் தூதரகத்திலும், இலங்கை என்றால் இலங்கைத் தூதரகத்திலும், டிக்கெட் போடுவதற்கு முன் எழுதிக் கேளுங்கள். வழியில் துபாயில் இறங்கி இரண்டு நாள் தங்கும் எண்ணம் இருந்தால் ஐக்கிய அரபு அமீரகத்தின் முன் அனுமதி விதியையும் பாருங்கள்.

உங்கள் பெயர், பயணத் தேதி, மருந்தின் பெயர், அளவு எல்லாம் உள்ள கடிதத்தை மருந்தெழுதும் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நிலையங்களுக்கு இதற்கு நாளாகும், சில கட்டணமும் வாங்கும். மாத்திரைகளை வாராந்திர டப்பாவில் பிரித்துப் போடாமல், மருந்தகம் உங்கள் பெயர் ஒட்டித் தந்த பெட்டியோடு கைப்பையில் கொண்டுபோங்கள்.